அணுக்கரு ஏன் சிதறுவதில்லை?

ஹீலியம் அணுக்கருவில் இரண்டு புரோட்டான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இரண்டுமே நேர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளியே ஆக வேண்டும். பிறகு எப்படி ஒட்டியிருக்கின்றன?

1935இல் ஜப்பானிய இயற்பியலாளர் ஹிடேகி யுகாவா ஒரு விடை சொன்னார். அணுக்கருத் துகள்கள் தமக்குள் வேறொரு துகளை ஓயாமல் பரிமாறிக்கொள்கின்றன. அந்தப் பரிமாற்றம்தான் ஈர்ப்பாகிறது. மின்விசையைச் சுமக்கும் ஃபோட்டானுக்கு நிறை இல்லை. அதனால் அந்த விசை நெடுந்தூரம் எட்டும். சுமக்கும் துகளின் நிறை கூடினால் எட்டும் தூரம் குறையும். அணுக்கரு விசை எட்டுவதோ ஒரு மீட்டரை ஆயிரம் லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒன்றிரண்டு கூறுதான். இதை வைத்தே அத்துகளின் நிறை எலக்ட்ரானைப் போல் சுமார் 200 மடங்கு என்று கணித்துவிட்டார். வெறும் காகிதக் கணக்கு!

அப்புறம்தான் குழப்பம். ஏறக்குறைய அதே நிறையுள்ள மியூவான் என்ற துகள் விண்கதிர்களில் அகப்பட்டது. அதுவோ அணுக்கரு விசையைச் சட்டையே செய்யவில்லை. தேடிய துகளான பையான் 1947இல் மலையுச்சியில் வைத்த ஒளிப்படத் தகடுகளில் சிக்கியது. நிறை சுமார் 270 மடங்கு.

யுகாவாவின் மாதிரி முழுமையானதல்ல. துகள்கள் மிகவும் நெருங்கினால் இதே விசை தள்ளவும் செய்கிறது. அதை விளக்க, பையான் வகையிலேயே அதைவிடக் கனமான மெசான்களும், புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளும் தேவைப்பட்டன. ஆனால் சற்றுத் தள்ளியிருக்கும் துகள்களுக்கு இன்றைய மாதிரிகளும் பையான் பரிமாற்றத்தையே பயன்படுத்துகின்றன.