அம்மா கேட்காத கேள்வி



இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள் நான். யுத்த காலத்தில், கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த என் தம்பியைப் பொலிஸார் சந்தேகத்தில் பிடித்தனர். அம்மா தோட்டை அடகு வைத்து ஒரு சட்டத்தரணிக்குப் பணம் கொடுத்தார். பற்றுச்சீட்டு இல்லை. மூன்று தவணைகளுக்கு அவர் வரவேயில்லை. "படித்த மனிதரிடம் எப்படிக் கேட்பது?" என்று அம்மா மௌனமானார். எட்டு மாதம் மறியலில் இருந்த தம்பி, குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுதலையானான். தோடு திரும்பவில்லை.

அன்று எங்களுக்குத் தெரியாத ஒரு சட்டம் இருந்தது. வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம் ஆகியவற்றைச் செய்த சட்டத்தரணியை, உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவர் ஒன்றாக அமர்ந்து தொழிலிலிருந்து இடைநிறுத்தலாம், நீக்கவும் செய்யலாம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அரசுக்காக வழக்கு நடத்துபவரும் சட்டத்தரணிதான்.

அவருடைய கடமை எப்படியாவது வெல்வதல்ல. உண்மையை நீதிமன்றின் முன் வைப்பது. அது தவறினால் என்னவாகும்? அமெரிக்காவின் டெக்சாஸில் மைக்கேல் மோர்ட்டன் என்பவர், செய்யாத கொலைக்காக 1987 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் சிறையிலிருந்தார். அவருக்குச் சாதகமான சான்றுகளை மறைத்த வழக்குத்தொடுநர் கென் அண்டர்சன், 2013இல் சட்டத்தரணி உரிமத்தை இழந்தார். பத்து நாள் சிறைத்தண்டனையும் பெற்றார்.

நம் நாட்டில் நல்லரத்தினம் சிங்கராசாவின் கதையையும் நினையுங்கள். 1993இல் மட்டக்களப்பில் கைதானார். அவருக்குப் புரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பலவந்தமாகக் கைநாட்டு வாங்கியதாக அவர் முறையிட்டார். அந்தக் கடதாசியை வைத்தே 1995இல் 50 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் 35 ஆனது. வாக்குமூலம் சுயமாகக் கொடுக்கப்படவில்லை என்பதை அவரே நிரூபிக்க வேண்டும் என்றது பயங்கரவாதத் தடைச் சட்டம். அது நீதியான விசாரணை அல்லவென ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் கூறியது. ஆனாலும் 2006இல் உயர் நீதிமன்றம் அவரது மனுவை ஏற்கவில்லை.

சகோதரிகளே, பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வழக்கு இலக்கத்தையும் ஒவ்வொரு தவணையையும் கொப்பியில் குறியுங்கள். புரியாத கடதாசியில் ஒப்பமிடாதீர்கள். நீதிமன்றில் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்பது அரசியலமைப்பு தந்த உரிமை. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். சட்டத்தரணி ஏமாற்றினால், நடந்ததைச் சத்தியக்கடதாசியில் எழுதி உயர் நீதிமன்றத்துக்கு முறையிடலாம்.

அம்மா இன்று இல்லை. அவர் கேட்காத கேள்வியை நாமாவது கேட்போம்.