வீட்டுக்குள் நின்றுபோகும் படம்



அண்மையில் என் தமக்கையாரின் மகனுக்குத் திருமணம் நிகழ்ந்தது. முதுமையினாற் பயணஞ்செய்ய இயலாத என் தாயார் அதற்குச் செல்லவில்லை. ஆகவே, உயர்தரத்தில் எடுக்கப்பட்ட வீடியோப் படத்தை மேல்மாடிக் கணினியிற் சேமித்து, வைஃபை வழியாகக் கீழேயுள்ள தொலைக்காட்சிப் பெட்டியிற் காட்ட ஏற்பாடு செய்தேன். பொன்னுருக்கல் நன்றாக ஓடிற்று. மாப்பிள்ளை அழைப்பும் ஓடிற்று. கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறும் வேளையிற் படம் உறைந்தது. திரை நடுவே ஒரு வட்டம் சுழன்றது. மறுபடி தொடங்கினோம்; அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ, “இதென்ன சகுனம், தம்பி?” என்றார் அம்மா.

இணைய இணைப்பின் வேகத்தைக் கூட்டுமாறு ஆலோசனை கூறியோர் பலர். அதற்கு மாதந்தோறும் பணம் கட்டவேண்டும். ஆயின் எங்கள் படம் இணையத்திலிருந்து வரவில்லை; மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு வந்தது. வெளியே உள்ள பாதையை அகலமாக்கி இதற்கு என்ன பயன்?

முதலிற் கணக்கைப் பார்ப்போம். கோப்பின் பருமனைப் பைற்றிலும், அது செல்லும் வேகத்தைப் பிற்றிலும் கூறுவது வழக்கம். 8 பிற்றுகள் சேர்ந்தது ஒரு பைற்று. இதை மறந்தால் விடை எட்டு மடங்கு பிழைக்கும். எங்கள் படம் 9 கிகாபைற்று, அஃதாவது ஏறக்குறைய 72,000 மெகாபிற்று. அது ஓடும் நேரம் 25 நிமிடம், அதாவது 1,500 செக்கன். வகுத்தாற் செக்கனுக்குச் சராசரி 48 மெகாபிற்று.

ஆனாற் சராசரி ஏமாற்றும் எண். வீடியோவிலே ஒவ்வொரு படச்சட்டமும் முழுமையாகச் சேமிக்கப்படுவதில்லை. இடைக்கிடை ஒரு முழுப்படமும், மற்றவற்றில் முன்னதினின்று மாறிய பகுதிகள் மட்டுமே பெரும்பாலும் பதியப்படுகின்றன. ஐயர் அமர்ந்து மந்திரம் ஓதும்போது மாற்றம் சிறிது. தாலி கட்டும்போதோ அட்சதையும் பூவும் நாற்புறமும் பறக்கின்றன, கமெராக்கள் பளிச்சிடுகின்றன. அரிசி மணி ஒவ்வொன்றும் ஒரு மாற்றம். அச்சில செக்கன்களில் தேவை சராசரியின் இரு மடங்கையும் அணுகலாம். அம்மா சகுனம் என்று அஞ்சியதற்கு விளக்கம் இவ்வளவே.

தொலைக்காட்சிப் பெட்டி தகவலைச் சிறிது முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. கிணற்றுநீர் தொட்டியில் நிறைந்து தோட்டத்துக்குப் பாய்வது போன்றது அது. பாய்வது வருவதை விஞ்சினால் தொட்டி வற்றும்; மீண்டும் நிறையும்வரை வட்டம் சுழலும்.

வருவது எவ்வளவு என்று எவ்வாறு அறிவது? முதலிற் படத்தைப் பென்ட்ரைவிற் பதிந்து தொலைக்காட்சியில் நேரே செருகினேன். தடையின்றி ஓடிற்று. எனவே பெட்டியிலும் படத்திலும் குற்றமில்லை, குற்றம் பாதையில். பின்பு ஒரு மடிக்கணினியைத் தொலைக்காட்சியின் அருகே வைத்து, அதே கோப்பை மேல்மாடியிலிருந்து வைஃபையிற் பிரதி செய்து, கடிகாரத்தைப் பார்த்தேன். 20 நிமிடம் சென்றது. 72,000ஐ 1,200 ஆல் வகுக்க, 60 வந்தது. சராசரிக்கு அது போதும்; அட்சதைக்குப் போதாது. ரவுட்டரின் பெட்டியில் நூற்றுக்கணக்கான மெகாபிற்று என்று அச்சிட்டிருக்கிறார்களே எனலாம். அது சுவரற்ற உலகத்துக்கான எண்.

கணினியும் வைஃபையில், தொலைக்காட்சியும் வைஃபையில் என்றால் ஒவ்வொரு பிற்றும் காற்றில் இருமுறை பறக்கவேண்டும்: கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து தொலைக்காட்சிக்கு இன்னொருமுறை. ஒரே அலைவரிசையில் ஒரு வேளையில் ஒருவரே பேசலாம், வகுப்பறை விதிதான். ஆகவே வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. கணினியை மட்டும் கேபிளினால் ரவுட்டரோடு இணைத்தேன். அதே பிரதிக்கு இப்போது 10 நிமிடமே சென்றது. அஃதாவது செக்கனுக்கு 120 மெகாபிற்று.

அன்று மாலை அம்மா தாலிகட்டை இருமுறை பார்த்தார். இரண்டாம் முறை, தம் தங்கையார் உடுத்திருந்த சேலையைப் பார்ப்பதற்காக.

கேபிள் இழுக்க இயலாதவர்கள் ரவுட்டரை இரும்பு அலுமாரியின் பின்னாலிருந்து எடுத்து நடுவீட்டில் வைத்துப் பார்க்கலாம். 2.4 கிகாஹேட்ஸ் அலை சுவரை நன்றாகக் கடக்கும். ஆனால் அயலவரின் ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில் நெருக்குகின்றன. 5 கிகாஹேட்ஸ் விரைவானது, சுவரில் தளர்ந்துபோகும். எதைச் செய்தாலும் ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, மறுபடியும் கடிகாரத்தைப் பாருங்கள்.

நெற்பிளிக்ஸ் போன்றவற்றிலிருந்து வரும் படத்தின் கதை வேறு. அதன் மிகவுயர்ந்த தரத்துக்கும் 15 மெகாபிற்று இணைப்பே பரிந்துரைக்கப்படுகிறது. வீட்டினுள் 60 கிடைத்தும் அது நின்றால், அப்பொழுது வெளியிணைப்பை ஐயுறலாம். இன்னொன்று: கேபிளைத் தொலைக்காட்சியிற் செருகுமுன் அதன் கையேட்டைப் பாருங்கள். விலையுயர்ந்த பெட்டிகள் பலவற்றிலுங்கூட அத்துவாரம் 100 மெகாபிற்றுக்கு மேல் ஏற்பதில்லை.