அலுவலகக் கணினியில் மென்பொருட் பொதிகள்: தடையும் வழியும்

புத்தூர் போன்ற யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலிருந்து கணினித்துறைக்குச் செல்லும் இளைஞர்கள் பணியில் சேர்ந்ததும் ஒரு தடையைச் சந்திக்கின்றனர். நிறுவனம் வழங்கிய மடிக்கணினியில் பைதன் மொழிக்குரிய ஒரு பொதியை நிறுவ முற்பட்டால் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. வீட்டில் ஒரு நிமிடத்தில் முடியும் வேலை அலுவலகத்தில் நாட்கணக்கில் இழுபடுகிறது. நம்மை நம்பவில்லையே என்ற மனக்குறையும் எழுகிறது.

இப்பூட்டுக்குக் காரணம் உண்டு. பொதி என்பது பிறர் எழுதிப் பொதுவில் வைத்துள்ள நிரற்கோவை. பைதனின் பொதுக் களஞ்சியத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன; எவரும் ஒரு கணக்கைத் திறந்து தமது பொதியையும் சேர்க்கலாம். ஒரு பொதி வேறு பத்தில் தங்கியிருக்கும். அவை மேலும் பலவற்றில். புத்தூர் நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று ஊரார் சொல்வதுண்டு. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்பது அக்கிணற்றின் இயல்பு. பொதிகளின் கதையும் ஏறத்தாழ அதுவே. சில பொதிகள் நிறுவப்படும்போதே தமக்குள் உள்ள கட்டளைகளை இயக்கவல்லவை. நிறுவுபவருக்குள்ள அதிகாரம் முழுவதும் அவற்றுக்கும் கிடைத்துவிடுகிறது.

அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2021இல் வெளியிட்ட தகவல் இதனைத் தெளிவாக்கியது. பெரிய நிறுவனங்கள் தமக்குள் மட்டும் பயன்படுத்திய பொதிகளின் பெயர்களிலேயே அவர் பொதுக் களஞ்சியங்களில் பொதிகளை இட்டார். அப்பிள், மைக்ரோசொஃப்ட் உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் அவை நுழைந்தன. அவர் கெடுதல் எண்ணியவரல்லர்; குறையைச் சுட்டிக்காட்டி வெகுமதி பெற்றார். வேறொருவர் அவ்வாறு நடந்திருப்பாரா?

ஆயினும் பூட்டு மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. 2023 ஆகஸ்டில் கப்பம் கோரும் நச்சு மென்பொருள் இலங்கை அரசாங்க மின்னஞ்சல் தொகுதியைத் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அங்கே பயன்பாட்டிலிருந்தது மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்ட 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. ஊழியரின் கணினியைப் பூட்டிவிட்டுச் சேவையகத்தைப் பழையதாகவே விடுவது படலையைப் பூட்டி வேலியைப் பிரித்துவைப்பதை ஒக்கும்.

ஊழியர் செய்யக்கூடியது என்ன? பொதியைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் மட்டும் நிறுவும் வசதி பைதனில் உண்டு. 2012இல் வெளிவந்த 3.3 பதிப்பு முதல், ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியான மெய்நிகர் சூழலையும் அமைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு நிர்வாகியின் கடவுச்சொல் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால், முடியும் என்பது அனுமதி ஆகாது. பொதியின் பெயர், பதிப்பு, தேவை, உரிம நிபந்தனை ஆகியவற்றை எழுத்தில் தெரிவித்துக் கேட்பதே முறை. பிறருடைய கடவுச்சொல்லை இரவல் வாங்குவது வேறு விடயம். அனுமதியின்றிக் கணினியை அணுகுவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

பொறுப்பின் பெரும்பகுதி நிறுவனத்துக்கே உரியது என்பது எமது கருத்து. கோரிக்கைக்கு வாரக்கணக்கில் பதில் வராவிடின், நிறுவனத்தின் தரவுகளைப் பென்டிரைவில் ஏற்றி வீட்டுக் கணினிக்குக் கொண்டுசெல்லும் நிலை உருவாகும். பூட்டு தடுக்க எண்ணிய ஆபத்தைவிட இது பெரியது. பரிசோதித்த பொதிகளைக் கொண்ட உட்களஞ்சியம் ஒன்றைப் பெரிய நிறுவனங்கள் நடத்துகின்றன. ஐந்தாறு பேர் பணியாற்றும் சிறு அலுவலகத்துக்கு அவ்வளவு வசதி வேண்டியதில்லை. தேவையான பொதிகளை ஒருவர் பதிவிறக்கி, சரிபார்த்து, பொதுக் கோப்புறை ஒன்றில் வைத்தால் போதும். இணையத் தொடர்பே இல்லாமல் ஏனையோர் அதிலிருந்து நிறுவிக்கொள்ளலாம்.