முள் குத்திய இடத்திலிருந்து மூளை வரை

ஆத்தூர் காமராஜர் அணைப் பக்கம் வெறுங்காலோடு போகிறவர் சீமைக் கருவேல முள்ளை மிதித்தால், கால் தானாகத் துள்ளிய பிறகுதான் வலியே தெரியும். துள்ள வைப்பது தண்டுவடம். மூளைக்குத் தகவல் பின்னால்தான் போகிறது. முதலில் சுருக்கென்கிறது, சற்றுப் பொறுத்து விண்விண்ணென்று தெறிக்கிறது. இரண்டையும் கொண்டுவருவது வெவ்வேறு நரம்பு இழைகள். மெல்லிய உறை போர்த்த ஏ-டெல்டா இழைகளில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். உறையில்லாத சி இழைகளில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பாதத்துக்கும் தண்டுவடத்துக்கும் இடையே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் இருப்பதால், இரண்டாவது வலி ஒரு நொடி பிந்துகிறது.

தண்டுவடத்தில் இந்த இழைகள் முடியும் இடத்தில் குளுட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி போன்ற வேதிப்பொருள்கள் கசிகின்றன. அடுத்த நரம்பு செல் அவற்றை வாங்கிச் செய்தியை மேலே அனுப்புகிறது. கசகசாச் செடியின் பாலிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்பின் முக்கியமாக வேலை செய்வது இங்கேதான். காயத்தை அது தொடுவதில்லை. ‘மியூ’ என்ற ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, வரும் இழைக்குள் கால்சியம் நுழையும் வழியை அடைக்கிறது. கால்சியம் இல்லாமல் வேதிப்பொருள் வெளியே வராது. வாங்கும் செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வழியைத் திறந்து அதையும் அடக்குகிறது. ஒரு செடியின் பாலுக்கு நம் உடம்பில் ஏற்பி எதற்கு? 1975-இல் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் என்ற விஞ்ஞானிகள் என்கெஃபலினைக் கண்டறிந்தபோது விடை கிடைத்தது: உடம்பு தன் வலியைத் தணிக்கத் தானே சுரக்கும் பொருள்களுக்கான ஏற்பிதான் அது.

அந்தக் கசகசாச் செடி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது. அப்படியிருந்தும் புற்றுநோய் முற்றிய எத்தனையோ பேர் இந்த நாட்டில் மார்பின் கிடைக்காமல் துடித்தார்கள். 1985-இன் போதைப்பொருள் சட்டம் கேட்ட உரிமங்களுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. 2014-இல் வந்த திருத்தம் உரிம நடைமுறையை எளிதாக்கியது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இத்தகைய நோயாளிகளின் வலியைத் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வருகிறது.

ஆனால் மார்பின் என்றாலே கடைசி நேரம் வந்துவிட்டது என்று குடும்பங்கள் பதறுகின்றன. அது தேவையற்ற பயம். மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டுக்கொண்டே நடமாட முடியும். அளவு மிஞ்சினால் மூச்சு மந்தமாகும் என்பது உண்மை. அதனால்தான் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார். சாதாரண மாத்திரை என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரட்டும் என்று காத்திராமல் கொடுக்க வேண்டும். குடலிலும் இதே ஏற்பி இருப்பதால் மலச்சிக்கல் வரும். கூடவே பேதி மருந்தும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.