செம்மணலைக் காணாத கண்ணாடித் தட்டு

கன்னியாகுமரியின் பழைய பட அட்டைகள் பலவற்றில் ஆண்டு போட்டிருக்காது. போடாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை, கடலுக்குள் நிற்கும் பாறைகளைப் பார்த்தால் போதும். பாறைகள் வெறுமனே அலையில் நனைந்துகொண்டிருந்தால் அந்தப் படம் 1970க்கு முந்தையது. ஒன்றில் மண்டபம் எழும்பி, மற்றது மொட்டையாக இருந்தால் 1970க்கும் 2000க்கும் இடைப்பட்டது. விவேகானந்தர் மண்டபத்தைக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி திறந்துவைத்தது 1970 செப்டம்பர் 2. 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது 2000 ஜனவரி 1. இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் தெரிந்தால் அட்டைக்கு இன்னும் பழமையே ஏறவில்லை, அது திறந்தது 2024 டிசம்பர் கடைசியில்தான். கரையில் காந்தி மண்டபம் இருந்தால் 1956க்கு முன்னே போக முடியாது.

கட்டடத்தை வைத்துக் காலம் சொல்வதை உள்ளூர்க்காரர் யாரும் செய்துவிடுவார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது அந்த அட்டைகளின் வானம். நூறு வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளை அட்டைகளில் குமரி வானம் பெரும்பாலும் வெறும் வெள்ளைத்தாள். மேகம் இல்லை, நிறபேதம் இல்லை. கடலும் வானமும் சேரும் கோடுகூடப் பல படங்களில் கரைந்துபோயிருக்கும்.

மேகமே இல்லாத ஊரா அது? தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் வாங்கும் நாஞ்சில் நாடு. குற்றம் வானத்தில் இல்லை, கேமராவுக்குள் இருந்த கண்ணாடித் தட்டில்.

அன்றைய தட்டில் பூசியிருந்தது ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பு. அந்த உப்பை அசைக்க ஒளித்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓரளவு ஆற்றல் வேண்டும். நீலத்துக்கும் ஊதாவுக்கும் அது உண்டு, சிவப்புக்குக் கிடையாது. ஆகவே நீலவானம் தட்டை அளவுக்கு மீறித் தாக்கி முழு வெள்ளையாகப் பதிந்தது. வெள்ளை மேகம் அந்த வெள்ளைக்குள் தொலைந்தது. மேகம் வேண்டுமென்ற படக்காரர்கள் மேகத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, அச்சிடும்போது மேலே ஒட்டவைத்தார்கள். ஒரே மேகம் இரண்டு ஊர்களின் மேல் மிதக்கும் வேடிக்கை அப்படி நடந்ததுதான். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர், வெள்ளி உப்போடு சாயம் சேர்த்தால் தட்டுக்குப் பச்சையும் மஞ்சளும் புலப்படும் என்று கண்டார். சிவப்பும் சேர்த்து எல்லா நிறமும் உணரும் தட்டு கடைக்கு வந்தது 1906இல். அதற்குப் பிறகும் பலர் விலை குறைந்த பழைய வகையையே வாங்கினார்கள்.

இந்தக் குருட்டுத்தனத்தை நாஞ்சில் நாட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஓட்டுக்கூரை கறுத்துப்போகும். செம்மண் சாலை இருண்டுவிடும். நெற்றியில் இட்ட குங்குமம் கறுப்புப் பொட்டாகிவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், சிவப்புக்கரை வேட்டியையும் கறுப்புக்கரை வேட்டியையும் பிரித்துச் சொல்ல முடியாது. மனிதர்களின் தோலுக்கும் அதே கதிதான். மாநிறத் தோல் நீல ஒளியை அதிகம் விழுங்குகிறது. ஆகவே கட்டுமரக்காரர்கள் உண்மையில் இருந்ததைவிடப் பல மடங்கு கறுப்பாக அட்டையில் ஏறினார்கள். கடல் கடந்து அந்த அட்டைகளை வாங்கிப் பார்த்தவர்களுக்கு இது தட்டின் கோளாறு என்று யார் சொல்லியிருப்பார்கள்?

இன்று ஊருக்கே அடையாளமான சூரிய உதயமும் அந்தத் தட்டுக்கு எட்டாத காட்சிதான். அடிவானத்தில் சூரியன் இருக்கும்போது அதன் ஒளி காற்றில் நெடுந்தூரம் வருகிறது, வழியில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்புதான் மிஞ்சுகிறது. அதாவது தட்டுக்குத் தெரிந்த நிறம் போய், தெரியாத நிறம் மட்டும் வந்து சேர்கிறது. அந்தக் கால அட்டையில் செக்கச்செவேலென்று உதயம் இருந்தால், அது தூரிகையின் வேலை.

அச்சடித்த முறையையும் பூதக்கண்ணாடி காட்டிக்கொடுக்கும். புள்ளிகளே இல்லாமல், புழு நெளிந்தாற்போல மெல்லிய சுருக்கங்கள் தெரிந்தால் அது கொலோடைப். கண்ணாடியில் ஜெலட்டினும் டைகுரோமேட் உப்பும் பூசி, படத்தின் நெகட்டிவ் வழியே ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகிச் சுருங்கும், படாத இடம் தண்ணீரை உறிஞ்சி உப்பும். எண்ணெய் மை ஈரத்தில் ஒட்டாது, இறுகிய இடத்தில் மட்டும் பிடிக்கும். படமே அச்சாகிவிடுகிறது. முதல் உலகப்போருக்கு முன் உலகத்தின் பட அட்டைகளில் பெரும்பங்கு ஜெர்மனியில் அச்சானது. வண்ணம் தீட்டியவர்கள் குமரிக் கடலைக் கண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. கையில் கிடைத்த சிவப்பை வானத்துக்கும், கையில் கிடைத்த பச்சையைத் தென்னைக்கும் கொடுத்தார்கள்.

நாலு வண்ணப் புள்ளிகள் பூப்போல வட்டமிட்டு நின்றால் அது பிந்தைய ஆஃப்செட் அட்டை. சன்னதித் தெருக் கடைகளில் வெயில்பட மாட்டியிருந்த இந்த அட்டைகள் நீலம் பாரித்துப்போவதற்கும் காரணம் உண்டு. மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெயிலில் முதலில் சாகும் மைகள், நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். உதயம்தான் முதலில் வெளுக்கிறது. தாள் பழசா புதுசா என்ற சந்தேகம் வந்தால் இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டலாம். வெண்மைக்காகத் தாளில் ஒளிரும் சாயம் சேர்ப்பது 1950 வாக்கில்தான் பரவியது. பளீரென்று நீலமாக ஒளிரும் தாளில் அச்சான படத்தை ‘1910 அட்டை’ என்று விற்க வந்தால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

பின்பக்கமும் பேசும். பின்பக்கத்தை நடுவில் கோடு கிழித்து, செய்தி ஒருபக்கம் முகவரி ஒருபக்கம் என்று எழுதவிட்டது முதலில் பிரிட்டன், 1902இல். அதற்கு முன் பின்பக்கம் முழுதும் முகவரிக்கே. ‘நலம்’ என்ற சொல்லையும் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரில் இருந்ததால் இன்னொரு சிக்கல்: சமஸ்தானத்துக்குச் சொந்தமாக அஞ்சல் துறை இருந்தது. அதன் தபால்தலை சமஸ்தானத்துக்குள் மட்டுமே செல்லும், வெளியே அனுப்பப் பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலை வேண்டும். 1951இல் அந்தத் துறை இந்தியத் தபாலோடு கலந்தது, 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது.

கடைசியாக மண்ணுக்கு வருவோம். அம்மன் கல்யாணம் நின்றுபோக, சமைக்க வைத்த அரிசியும் பருப்பும் மண்ணாகிப் போனதாக ஊரில் சொல்வார்கள். அந்த வண்ண மண்ணைப் பொட்டலம் கட்டி இன்றும் விற்கிறார்கள். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், தேன் நிறத்தில் மோனசைட். பழைய அட்டையில் கார்னெட்டும் இல்மனைட்டும் ஒரே கறுப்பு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதிலுள்ள தோரியம் அப்போது கேஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது, மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. தோரியம் கதிர்வீசுகிறது என்பதை 1898இலேயே மேரி கியூரியும், ஜெர்மனியில் ஷ்மிட்டும் தனித்தனியே கண்டறிந்திருந்தார்கள். செம்மணலைப் பார்க்கத் தெரியாத அதே வெள்ளித் தட்டை, ஒளி புகாத கறுப்புத்தாளில் சுற்றி, மேலே ஒரு கைப்பிடி மணவாளக்குறிச்சி மோனசைட்டைப் பரப்பி, சில வாரம் இருட்டறையில் விட்டுவைத்துக் கழுவினால், மணல் கிடந்த இடமெல்லாம் கறுத்திருக்கும். வெளிச்சமும் லென்ஸும் அதற்குத் தேவையில்லை.