வாஞ்சியின் கடிதமும் வ.உ.சி.யின் கம்பெனியும்

செங்கோட்டை என்றதும் வாஞ்சிநாதன்தான் நினைவுக்கு வருவார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர். அன்றைக்குச் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956-ல். வாஞ்சியிடம் கிடைத்த கடிதம், சனாதன தர்மத்தை மிலேச்சர்கள் மிதிப்பதாகக் குமுறியது. ஆஷ் மீதான கோபத்துக்கு இன்னொரு காரணம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்தது. அங்கே வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷுக்கும் பங்கு உண்டு என்ற கோபம் அது.

1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு, பதிவு, இயக்குநர் குழு எல்லாமே வெள்ளைக்காரன் நாட்டு முறை. வ.உ.சி. அதைக் கூச்சமில்லாமல் கையில் எடுத்தார். வக்கீல் அல்லவா! காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தன. போட்டிக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தூத்துக்குடி-கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. பிறகு இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். கடைசியில் 1908-ல் வ.உ.சி. மீது ராஜத்துரோக வழக்கு. நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில்தான் குறைந்தது. 1911-ல் கம்பெனியும் கலைந்தது.

நவீனத்தைக் கொண்டுவந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்களே, உள்ளூர்க்காரன் அதைக் கையாளத் தொடங்கியதும் கதவைச் சாத்தினார்கள்.

நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ஒலுஃபெமி தாய்வோ, 2010-ல் வெளிவந்த தன் நூலில் ஆப்பிரிக்காவைப் பற்றி வாதிடுவது ஏறக்குறைய இதைத்தான். அடிமைத் தளையிலிருந்து மீண்ட சாமுவேல் அஜாயி கிரௌதர் 1864-ல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். 1890 வாக்கில் வெள்ளைக்காரப் பாதிரிமார் அவரை ஓரங்கட்டினார்கள். சட்டத்தின் ஆட்சி, தன்னாட்சி, தனிமனித உரிமை இவற்றைத் தமதாக்கிக்கொண்ட ஆப்பிரிக்கர்களைக் காலனி ஆட்சி முளையிலேயே கிள்ளியது என்கிறார் தாய்வோ. அதனால்தான் 2022-ல் எழுதிய நூலில், அந்நியச் சரக்கு என்று எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்பவர்களோடு அவர் மல்லுக்கு நிற்கிறார்.

அவர் கண்ணால் பார்த்தால் வாஞ்சியின் கடிதத்தைவிட வ.உ.சி.யின் பங்குப் பத்திரமே கனமான எதிர்ப்பு. வாஞ்சியின் துணிச்சல் வேறு கணக்கு.

சிறை மீண்ட வ.உ.சி. தன்னைத் தண்டித்த கோர்ட்டுக்கே திரும்பிப் போக நினைத்தார். பறிபோன வக்கீல் சன்னது மீளக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அவரைச் சிறைக்கு அனுப்பிய 124-ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவு மட்டும் சுதந்திர இந்தியாவிலும் நிலைத்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. காலனிச் சட்டத்துக்கு விடை கொடுப்பதாகச் சொல்லி 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இல்லை. ஆனால் 152-ஆம் பிரிவு இருக்கிறது, அது அதே ஆள்தான் என்று வக்கீல்கள் பலர் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.