அம்பு போடத் தெரியாத எம்.எஸ்சி.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி என்றால் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று எழுதச் சொன்னார்கள். எம்.எஸ்சி. படிக்கிறவர்களிடம் பேசிப் பார்த்தால் பயம் அப்படியொன்றும் தெரியவில்லை. எந்த நேம் ரியாக்‌ஷனைச் சொன்னாலும் ரீஏஜென்ட், கண்டிஷன், புராடக்ட் என்று வரிசையாக வந்து விழுகிறது. பெக்மன் என்று வாயெடுத்தால் போதும்; ஆக்சைமில் ஹைட்ராக்சிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் குழு நைட்ரஜனுக்கு நகரும், அமைடு கிடைக்கும் என்று பதில் வந்துவிடும். சரியான பதில்தான். ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, ‘மெக்கானிசம் போடுங்க தம்பி’ என்றால்தான் பேனா நின்றுவிடுகிறது. என் பயம் அங்கேதான் தொடங்குகிறது.

போடுகிறவர்கள் போடும் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். எலெக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து அம்பு கிளம்பி, தேவைப்படும் இடத்துக்குப் போக வேண்டும். விடைத்தாளிலோ அது ஹெச் பிளஸ்ஸில் கிளம்பி ஆக்சிஜனில் போய் நிற்கிறது. கையில் காசே இல்லாதவன் வீட்டிலிருந்து கடன் புறப்பட்ட மாதிரி. இரண்டு வரி தள்ளி ஐந்து பிணைப்போடு ஒரு கார்பன் உட்கார்ந்திருக்கும். கடைசியில் புராடக்ட் மட்டும் பிசகாது, அது மனப்பாடம். நடுவில் இருப்பதெல்லாம் இட்டு நிரப்பியது. கட்டுக்கட்டாகத் திருத்துகிறவருக்கு ஒவ்வொரு அம்பின் வாலையும் பார்க்க ஏது நேரம்?

இந்த வளைந்த அம்பை வேதியியலாளர் ராபர்ட் ராபின்சன், கெர்மாக்கோடு சேர்ந்து எழுதிய 1922ஆம் ஆண்டுக் கட்டுரையில் பயன்படுத்தினார். அதற்கு முன்பே, 1917ல், டிரோப்பினோன் என்ற சேர்மத்தை அவர் ஒரே குடுவையில் செய்து காட்டியிருந்தார். அதே பொருளை வில்ஸ்டேட்டர் சைக்ளோஹெப்டனோனில் தொடங்கிப் பல படிகள் ஏறிச் செய்திருந்தார். ராபின்சன் தாளில் மூலக்கூறை வரைந்து, எங்கே வெட்டினால் எளிய துண்டுகள் விழும் என்று பார்த்தார். ஒரு டைஆல்டிஹைடு, மெத்திலமீன், அசிட்டோன் என மூன்று துண்டுகள் கிடைத்தன. இப்படிப் பின்னோக்கிப் போவதைப் பிற்காலத்தில் வேதியியலாளர் கோரி ஒரு முறையாகவே வகுத்து, 1990ல் நோபல் பெற்றார். நம் பாடத்திட்டத்திலும் அதற்கு ஒரு யூனிட் உண்டு. எந்த மூலக்கூறை எங்கே வெட்டுவது என்பதை மாணவர்கள் நோட்ஸ் பார்த்து நெட்டுருப் போடுகிறார்கள்! நோட்ஸில் இல்லாத மூலக்கூறு வந்தால் கத்தி கையில்தான் இருக்கும்.

பெரிசைக்ளிக் வினைகளின் கதை இதைவிட மோசம். பை எலெக்ட்ரான் எண்ணிக்கை 4n என்றால் வெப்பத்தில் கான்ரொட்டேட்டரி, ஒளியில் டிஸ்ரொட்டேட்டரி. 4n+2 என்றால் தலைகீழ். நான்கு கட்டம் உள்ள அட்டவணை, முடிந்தது பாடம். ஆனால் அந்த அட்டவணை பிறந்ததே ஒரு திகைப்பில். வைட்டமின் பி12ஐச் செயற்கையாக உருவாக்கும் வேலையில், வளையம் மூடும் ஒரு படியில் வேதியியலாளர் உட்வர்டு எதிர்பார்த்த திசைக்கு நேரெதிராக அணுக்கள் திரும்பி நின்றன. ஏன் என்று அவர் விடாமல் குடைந்தார். இளைஞரான ரோல்டு ஹாஃப்மனைச் சேர்த்துக்கொண்டார். 1965ல் விதிகள் வெளிவந்தன. ஹாஃப்மனுக்கு 1981ல் நோபல் கிடைத்தபோது உட்வர்டு உயிரோடு இல்லை, 1979லேயே இறந்துவிட்டார். ஆர்பிட்டலின் குறிகளை வரைந்து, ஓரங்கள் எப்படித் திரும்பினால் ஒரே குறிகள் சேரும் என்று மாணவரே ஒருமுறை பார்த்துவிட்டால் அட்டவணையே தேவைப்படாது. பத்து நிமிட வேலை.

ஏன் யாரும் வரைவதில்லை? விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்வைத்தான் சொல்வேன். கெமிக்கல் சயின்சஸில் மொத்தம் 120 கேள்விகள், அதில் 75க்கு விடை, மூன்று மணி நேரம், 200 மார்க். எல்லாமே கொள்குறி. தப்பானால் கால்பங்கு கழியும். வரைந்துகொண்டிருந்தால் நேரம் போய்விடும், ஆப்ஷனைக் கழித்துக் கழித்துப் பிடி என்றுதான் கோச்சிங்கில் பழக்குகிறார்கள். மெக்கானிசம் புரியாமல் அந்தத் தேர்வின் பார்ட் சி கேள்விகளைத் தொடவே முடியாது என்று சொல்கிறவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் கை பழகாத புரிதல் எத்தனை நாள் தங்கும்?

லேபிலும் இதே கதைதான். இரண்டு பொருள் கலந்த மிக்சரைப் பிரித்து, சோடியம் உருக்கிப் பார்த்து, டெரிவேட்டிவ் செய்து காட்ட வேண்டும். என்ன மிக்சர் வரும் என்பது சீனியர் நோட்டிலேயே இருக்கிறது.

நம் ஊரிலேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் டி.ஆர். கோவிந்தாச்சாரி, வேலியோரம் படரும் நஞ்சறுப்பான் கொடியின் ஆல்கலாய்டுகளை மாணவர்களோடு ஆராய்ந்தார். 1954ல் கட்டுரை வந்தது. அதிலுள்ள டைலோஃபோரினைச் செயற்கையாகச் செய்தது 1961ல் வெளியானது. என்எம்ஆர் கருவி எல்லாக் கல்லூரிக்கும் எட்டாத காலம். மூலக்கூறை உடைத்து, கிடைத்த துண்டுகளை வைத்துத் தாளில் திரும்பத் திரும்ப வரைந்துதான் உருவம் கண்டார்கள்.

தேர்வு முறையை மாற்றச் சொன்னால் யார் உட்கார்ந்து திருத்துவது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்டர்னல் டெஸ்ட்டின் வினாத்தாளை வகுப்பெடுப்பவர்தானே தயாரிக்கிறார்? அதில் ஒரே ஒரு கேள்வியை இப்படி வைத்துப் பார்க்கலாம்: எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு மூலக்கூறு, ரீஏஜென்ட்டும் புராடக்ட்டும் கொடுத்தாகிவிட்டது, மார்ச், கேரி-சண்ட்பெர்க் பாடநூல்கள் இரண்டையும் மேஜை மேலேயே விரித்துக்கொள்ளலாம், அம்பு மட்டும் போட வேண்டும்.